குனியாத வாசல்

கொல்லிமலையில் எவராயிருந்தாலும் வீட்டுக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். செத்தவர்களுக்கு முதுகு வளையாது. வாசல் தாழ்வாயிருந்தால் அவர்களால் உள்ளே வர முடியாது. அரியூர் நாட்டில் இது கைக்குழந்தைக்கும் தெரியும். அடிவாரத்திலிருந்து வந்த சங்கத்தாருக்குத்தான் தெரியவில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில், விஷக்காய்ச்சலில் குடும்பத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு வீடு கட்டித்தரவென்று நாலு பேர் கூடி நடத்திய சங்கம் அது. வாடகை, அறுவடைக்கு ஒரு வள்ளம் சாமை. காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை இனாம். நல்ல மனிதர்கள்தான். ஏழை எதற்குக் குனிய வேண்டும் என்று ஆளுயரத்துக்கு வாசல் வைத்துத் தொலைத்தார்கள். ஓட்டு வீடுகள் வரிசையாக நின்றன, குடியேற ஆளில்லை.

பெருமாயி மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவள் மகள் அத்தாயி போன மழைக்காலத்தில் செத்தாள். காய்ச்சல்காரியை ஊருக்குள் வைக்கக்கூடாதென்று காட்டுக் காவல் குடிசையில் போட்டிருந்தார்கள். பல்லோடு பல் அடித்துக்கொள்ள, "ஊட்டுக்குப் போலாம்மா" என்று அவள் கெஞ்சினாள். "விடியட்டும் கண்ணு" என்றாள் தாய். விடிந்தபோது மகள் இல்லை. சொன்ன அந்தச் சொல் பெருமாயியைத் தின்றுகொண்டிருந்தது.

புது வீட்டில் சாயங்காலமானால் கதவை விரியத் திறந்துவைத்து, அடுப்பை மூட்டி, பக்கத்தில் கம்பளியை விரித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

சங்கத்து மேஸ்திரி அர்த்தனாரி ஒருவழியாக விஷயத்தைத் தெரிந்துகொண்டு, மற்ற வாசல்களையெல்லாம் கட்டை கொடுத்துத் தாழ்த்தினார். சனங்கள் குடிவந்தார்கள். பெருமாயி மட்டும் நிலைப்படியை மறித்துக்கொண்டாள்.

"எம்புள்ள இன்னும் வரலீங்க. பொறுங்க."

பக்கத்து வீட்டுச் சென்றாயன் அர்த்தனாரியிடம் ஓடினான். "ஒரு ஊடு தெறந்து கெடந்தா, வாரது அங்கயே நிக்குமாங்க? தாழ்த்தச் சொல்லுங்க, இல்லாட்டி அவளக் காலி பண்ணச் சொல்லுங்க" என்று குதித்தான். அர்த்தனாரிக்கு அவளை வெளியேற்ற மனம் வரவில்லை. நாளைக் கடத்தினார்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம். அடுப்போரம் பல்லோடு பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பெருமாயிக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. எழுந்து போய், அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாகக் கதவைச் சாத்தினாள். பிறகு அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

மறுநாள் காலை அர்த்தனாரி பல் விளக்குவதற்குள் வந்து நின்றாள். "ஏனுங்க, எங்கூட்டு வாசலையும் தாழ்த்திப்போடுங்க. இன்னைக்கே."

பாவம், மனம் தேறிவிட்டாள் என்று அவர் மகிழ்ந்துபோனார். தாமே மண் குழைத்தார். வேலை முடியும்வரை அவள் நிலைப்படியின் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். அவர் எத்தனை சொல்லியும் நகரவில்லை.

"இனி எதுவும் உள்ள வராது. தைரியமா இருங்க ஆயா" என்றார் அர்த்தனாரி, கையைக் கழுவியபடி.

"அவ வந்துட்டாளுங்க" என்றாள் பெருமாயி. "இனி எப்படிங்க வெளிய போவா?"

சொல்லிவிட்டுக் குனிந்து உள்ளே போய் அடுப்பை ஊதினாள்.