மூன்றாவது சரீங்க

எங்கள் திருப்பூர்ப் பக்கத்தில் ஒருவர் பேசும்போது கேட்பவர் வாயை மூடிக்கொண்டு நிற்க மாட்டார். அது மரியாதைக் குறைவு. ஒரு வாக்கியம் முடிந்தால் ஒரு "சரீங்க", பேசுகிறவர் மூச்சு வாங்கினால் இன்னொரு "சரீங்க". ஒத்துக்கொண்டதாக அதற்குப் பொருள் கிடையாது. காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்பதுதான். பக்கத்து வீட்டுக்காரர் தன் மருமகளைப் பற்றி அரை மணி நேரம் குறை சொல்வார். நாற்பது சரீங்க சொல்லிக் கேட்போம். பிறகு அந்த மருமகள் வந்து மாமனாரைப் பற்றிச் சொன்னால் அவளுக்கும் நாற்பது. யாரும் நம்மைப் பொய்யன் என்று சொன்னதில்லை.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த டெய்லர் ஒருவர் எங்கள் பனியன் கம்பெனியில் சேர்ந்த புதிதில் முதலாளியிடம் போய்ச் சம்பளம் கூட்டிக் கேட்டார். முதலாளி பத்துப் பதினைந்து சரீங்க சொல்லிக் கேட்டுக்கொண்டார். டெய்லர் சந்தோஷத்தில் கட்டிங் டேபிள் ஆட்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். சனிக்கிழமை கைக்குப் பழைய சம்பளமே வந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"இந்த ஊர்ல சரின்னா என்னண்ணே அர்த்தம்?"

"கேட்டுச்சுன்னு அர்த்தம்" என்றேன்.

"அப்ப ஒத்துக்கிட்டா என்னண்ணே சொல்லுவீங்க?"

"அதுக்கும் சரீங்கதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். 

இப்போது நான் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. "ஆகட்டும்" என்பேன், "ம்" என்பேன், தலையை ஆட்டுவேன். பாய்க்கு வரவர மரியாதை குறைந்துவிட்டது என்று நான் இப்போது வேலை பார்க்கும் மண்ணரைப் பகுதியில் என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். "சரீங்கன்னு சொன்னா என்ன, வாய் தேஞ்சா போயிரும்?" என்று வீட்டிலும் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். வாய் தேயாது. ஆனால் டீக்கடையிலோ பேருந்திலோ யாராவது அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால், யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல உடம்பு திரும்பிப் பார்க்கிறது.

அந்த முதலாளியிடம் நான் சூப்பர்வைசராகச் சேர்ந்து மேனேஜர் வரைக்கும் வந்தேன். அவர் மூலனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். நான்கு மெஷினில் ஆரம்பித்து வெளிநாட்டுக்குப் பனியன் அனுப்பும் அளவுக்கு வளர்ந்தவர். என்னை "பாய்" என்பார், நான் அவரை "அண்ணா" என்பேன். நோன்பு மாதத்தில் நான் திறக்கும் நேரம் வரை அவரும் டீ குடிக்காமல் இருப்பார். கேட்டால், "எனக்கு வயிறு செரியில்லீங் பாய்" என்பார். முப்பது நாளும் வயிறு சரியில்லாத மனிதர்.

அப்போதுதான் வங்கியிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். டை கட்டிய பையன்கள். டாலர் ஏறினால் இப்படி, இறங்கினால் இப்படி, இன்னொரு நாட்டுக் காசோடு கோத்துவிட்டால் எப்படிப் போனாலும் லாபம் என்று படம் போட்டுக் காட்டினார்கள். முதலில் ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்து. அதற்குப் பிறகு பேரமெல்லாம் போனில்தான். பேசுவது பதிவாகும், வாய்ச்சொல்தான் ஒப்பந்தம். 

முதல் இரண்டு முறை லாபம் வந்தது. ஆறு மாதம் தைத்து, தேய்த்து, பெட்டி கட்டி அனுப்பினால் வருவது ஒரு போனில் வந்தது. நாங்கள் டீ குடிக்கும் பேக்கரி வாசலில் பேச்சே மாறிவிட்டது. ஆர்டர் பற்றி, நூல் விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் வெள்ளைக்கார நாட்டு வட்டியைப் பற்றிப் பேசினார்கள். "நேத்து மத்தியானம் படுத்துத் தூங்குனேனுங்க, எந்திரிக்கறதுக்குள்ள ஒரு கார் வந்துருச்சு" என்று ஒருவர் சொன்னதை எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தோம்.

ஒருநாள் முதலாளி என் தோளில் கைபோட்டார். "பாய், இதே மாதிரி இன்னொன்னு அமைஞ்சா அடுத்த யூனிட்டுல நீங்களும் பங்காளிங்க. போர்டுல உங்க பேரும் இருக்கோணும்."

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும்போது மண்ணரையில் காலியாகக் கிடந்த ஒரு ஷெட்டுக்குள் போய்ப் பார்த்தேன். யாருக்கும் சொல்லவில்லை. கட்டிங் டேபிள் எங்கே வரும், அயர்னிங் எங்கே வரும் என்று அடி வைத்து அளந்தேன். வெளியே வந்து, போர்டு மாட்டும் இடத்தை நிமிர்ந்து பார்த்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதிலிருந்துதான் எல்லாம்.

முதலாளி தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன நாள். செல்லை சார்ஜில் போட்டு மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். முற்பகல் பதினொரு மணி இருக்கும். அயர்னிங் பகுதியில் நீராவி சீறிக்கொண்டிருந்தது. நான் ஒரு பீஸில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, எடுத்தேன்.

"சார், மார்க்கெட் இப்போ நமக்குச் சாதகமா இருக்கு சார்."

"சரீங்க."

"போன தடவை மாதிரியேதான் சார். இந்த முறை ரெண்டு மடங்கு போடலாம்."

"சரீங்க."

"அப்போ புக் பண்ணிடறேன் சார்?"

"சரீங்க."

அவ்வளவுதான். நான் யார் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதல் இரண்டும் மரியாதை. எந்தப் பள்ளிவாசலிலும் நின்று சொல்வேன். மூன்றாவதைச் சொல்லும்போது என் கண் முன்னால் அந்த ஷெட்டும் போர்டு மாட்டும் இடமும் இருந்தன.

சாயங்காலம் முதலாளி வந்ததும், "பேங்க்காரர் கூப்பிட்டாருங்ணா, ரேட்டு நல்லா இருக்குதுன்னாரு" என்றேன். அவர் கல்யாணச் சாப்பாட்டுக் களைப்பில் சட்டையைக் கழற்றிக்கொண்டே "சரீங்க" என்றார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டதாக வைத்துக்கொண்டேன். பின்னால் வங்கியிலிருந்து வந்த மெயிலை யாரும் திறந்து பார்க்கவில்லை.

டாலர் எதிர்ப்பக்கம் போயிற்று, நஷ்டம் முழுவதையும் நாங்கள்தான் கட்ட வேண்டும் என்றது வங்கி. அந்த விவரம் எனக்கு இன்றைக்கும் முழுதாகப் புரியாது. கோயம்புத்தூரில் வங்கியின் குளிர்ந்த அறையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம் என்பது மட்டும் தெரியும். "நான் அப்படிச் சொல்லவே இல்லீங்களே" என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். எதிரில் இருந்தவர் லேப்டாப்பைத் திருப்பி வைத்து ஒரு பொத்தானை அழுத்தினார்.

நீராவி சீறும் சத்தம் முதலில் வந்தது. அதற்கு மேல் டிக், டிக் என்று ஒரு சத்தம். நூல் வெட்டும் சின்னக் கத்தரியை நாங்கள் டிரிம்மர் என்போம். அது என் கையில் எப்போதும் இருக்கும். பேசும்போது வெறுமனே அதை அமுக்கி அமுக்கி விடுவது என் பழக்கம். டிக், டிக். சரீங்க. டிக். சரீங்க. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு, சரீங்க.

மூன்றாவதற்கு முன்னால் டிரிம்மர் நின்றிருந்தது.

தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது. முதலாளி தலையைக் குனிந்து கேட்டார். அதே போல எத்தனையோ முறை அவரும் சொல்லியிருந்தார். கடைசியில், "என்ற கொரல்தானுங்க" என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் கதை வேறு. கையெழுத்துப் போடாதவன், அதிகாரம் இல்லாதவன் சொன்ன சொல் என்று வாதாடியிருக்கலாம். ஜெயித்திருப்போமா தெரியாது, வாதாடியிருக்கலாம். மேஜைக்குக் கீழே என் கை சட்டைப் பையிலிருந்த டிரிம்மரை இறுக்கிப் பிடித்திருந்தது.

ஒரு வருடத்துக்குள் மெஷின்கள் போயின, கட்டடம் போயிற்று, வீடும் போயிற்று. அவர் மூலனூர்ப் பக்கம் போய் முருங்கை வைத்தார். நான் மண்ணரையில், தைத்த பனியனில் பிழை பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போனேன். நான் அளந்து பார்த்த ஷெட்டில் இப்போது யாரோ பிரிண்டிங் போடுகிறார்கள். அந்தப் பக்கம் போனால் போர்டைப் பார்க்காமல்தான் போவேன்.

போன மாதம் கண் டாக்டரைப் பார்க்க அவர் திருப்பூர் வந்தார். ஒரு கட்டு முருங்கைக்காயை என் கையில் கொடுத்தார். மூலனூர் பேருந்துக்கு நேரம் இருந்தது, வெயில் கொளுத்தியது. 

"ஒரு படத்துக்குப் போலாமுங் பாய், ஏசியாச்சும் கெடைக்கும்" என்றார். என்ன படம் என்று இருவருமே பார்க்கவில்லை.

தமிழில் பேசவைத்த வெளிநாட்டுப் படம். வானம் தொடும் கண்ணாடிக் கட்டடம், அதில் வரிசையாக மேஜைகள், போன்கள். ஒரு இளைஞன் பெரிய ஆளாக வேண்டும் என்று வெறியாக அலைகிறான். ஒரு காட்சியில், முகம் தெரியாத யாருக்கோ போனில் ஒரு பங்குக் காகிதத்தை விற்கிறான். பேசுகிறான், குழைகிறான், மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். மறுமுனையில் ஒரு குரல் மட்டும் "சரி சார்" என்கிறது. போனை வைத்ததும் அறை முழுக்கக் கைதட்டு. தியேட்டரிலும் விசில்.

அந்த மறுமுனை ஆளைக் கடைசி வரைக்கும் காட்டவில்லை. அவன் வீடு, அவன் மேஜை, அவன் கையில் என்ன இருந்தது, எதுவும் இல்லை. எனக்கு மட்டும் அவன் தெரிந்தான். அவனுக்குப் பின்னால் நீராவி சீறியது.

டிக், டிக் என்று கேட்டது. என் கைதான். டிரிம்மரை எப்போது வெளியே எடுத்தேன் என்று தெரியவில்லை. இருட்டில் முதலாளியின் கை வந்து என் கையைப் பிடித்தது. சத்தம் நின்றது. அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடியும் வரைக்கும் கையை எடுக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பேக்கரியில் டீ சொன்னோம்.

"ஏனுங் பாய், அத்தனை பெரிய கட்டடத்துல ஒரு மெஷினக் காணமே. எதைத்தான் ஓட்டுனானுங்க?"

"காத்தைத்தானுங்ணா."

"நாமளும் ஓட்டுனோமில்லீங், ஒரு ரெண்டு வருசம்." சிரித்தார். 

இதுதான் நேரம் என்று பட்டது. "அண்ணா, அன்னைக்குக் கோயமுத்தூர்ல கேட்டமே, அந்தக் கொரல் உங்களுது இல்லீங்ணா. என்னுது."

டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"கேட்டுக்கிட்ட சரீங்களா, ஒத்துக்கிட்ட சரீங்களா?"

எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்குத்தான் இந்தக் கேள்வி வரும். அன்றைக்குப் போனில் அந்த வங்கிக்காரனுக்கு வந்திருந்தால் போதும்.

"மொத ரெண்டும் கேட்டுக்கிட்டதுங்ணா" என்றேன். "மூணாவது ஒத்துக்கிட்டது. போர்டுல பேரு வரும்னு."

பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கடைக்காரர் வந்து டம்ளர்களை எடுத்துப் போனார். பிறகு முதலாளி சொன்னார்.

"சரீங்க."

எழுந்தார், கண் மருந்துப் பையை எடுத்துக்கொண்டார், பேருந்தில் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கை காட்டினார், எல்லோருக்கும் காட்டுவது போலத்தான்.

அவர் நம்பர் என் போனில் இருக்கிறது. கூப்பிட்டால் எடுப்பார். நான் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்பார், நடுநடுவே சரீங்க, சரீங்க என்பார். அதனால்தான் கூப்பிடவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு, பேக்கரியில் அவர் சொன்ன அந்த ஒரு சரீங்கவைத்தான் மனசுக்குள் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.