பெயர் இல்லாத கிதார்

எழுபதுகளின் நடுவில் நான் திருத்தணி ஸ்டேஷனில் டிக்கெட் குமாஸ்தா. ஓரிடத்தில் உட்காரப் பிடிக்காத வயது. டியூட்டி முடிந்ததும் மலை ஏறுவேன். சாமி கும்பிட்டேனா இல்லையா என்பதுகூட நினைவில்லாமல் இறங்கிவிடுவேன். மாற்றல் கேட்டு மனு எழுதுவேன், கிழித்துப் போடுவேன். தபாலில் ஷார்ட்ஹேண்ட் படிக்கத் தொடங்கி மூன்றாம் பாடத்தோடு விட்டேன்.

அப்போது அரக்கோணம் ரயில்வே காலனியில் ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவர் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. வீட்டுச் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மனைவிக்குத் தையல் மெஷின் வாங்கப் போனேன். மெஷின் முதல் நாளே போய்விட்டிருந்தது. பீரோவுக்குப் பின்னால் ஒரு கிதார் சாய்ந்திருந்தது. நான் பார்த்த கிதார்களுக்கெல்லாம் வயிற்றில் வட்டமாக ஒரு துளை இருக்கும். இதற்கோ வயலினைப் போல இரண்டு பக்கமும் நெளிந்த துளைகள். மேல்பலகையும் தட்டையாக இல்லாமல் வயலின் மாதிரியே புடைத்திருந்தது. தலைப்பகுதியில் பெயர் இருந்த இடத்தை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். அந்தச் சுரண்டல்தான் என்னை வாங்க வைத்தது. வாசிக்க எனக்கு ஒன்றும் தெரியாது.

"மெஷின் வாங்கினு வரேன்னு போய்ட்டு இன்னாத்த தூக்கினு வந்துகிறீங்க?" என்றாள் மனைவி.

"இது யாரு செஞ்சதுன்னு மட்டும் தெரிஞ்சிக்கிறேன்."

"தெரிஞ்சி?"

சவரக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே பென்சிலில் ஒரு எண்; வேறெதுவும் இல்லை. அதற்குப் பிறகு லீவு நாளெல்லாம் கிதாரைப் போர்வையில் சுற்றிக்கொண்டு மெட்ராஸுக்கு ரயிலேறினேன். ஒரு கடைக்காரர் கல்கத்தா சரக்கு என்றார். இன்னொருவர் அமெரிக்கா என்றார். சொல்லும்போதே நான் விற்பேனா என்று என் முகத்தைப் பார்த்தார். மூன்றாமவர் வெறும் பிளைவுட் என்று கையால் தள்ளினார். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கவுண்டரை நெருக்கும்போதுகூட எனக்கு அந்தப் பென்சில் எண்தான் கண்ணில் நின்றது.

கடைசியில் ஒரு ரிப்பேர்காரர்தான் சொன்னார்: "உங்க அரக்கோணத்துலயே ஒருத்தரு இருக்காரே, காலனி டான்ஸ் பேண்டுல கிதார் வாசிக்கிறவரு. அவருகிட்ட காட்டுங்க."

விசாரித்தால், எனக்குத் தெரிந்த ஆள். அரக்கோணம் பிளாட்பாரத்தில் வண்டி நின்றதும் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போய், விரிசல் உண்டா என்று காதாலேயே கண்டுபிடிப்பவர். பள்ளிப்பட்டு நெசவுக் குடும்பம்; என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அந்த பேண்டை நான் மூன்று தடவையாவது கேட்டிருக்கிறேன். டிரம்பெட் வாசித்தவரின் சிவப்பு டை வரைக்கும் ஞாபகம் இருந்தது. இவர் அங்கே உட்கார்ந்திருந்ததே நினைவில்லை.

அவர் குவார்ட்டர்ஸுக்குக் காலையில் போனேன். சுரண்டிய இடத்தை அவர் பார்க்கவேயில்லை. விரல் முட்டியால் மேல்பலகையை அங்கங்கே தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"இந்தத் துளையோட ஓரத்த பாருங்க சார். ஒட்டுப்பலகைன்னா அடுக்கடுக்கா தெரியும். இதுல மேல ஓடுற ரேகை அப்டியே கீழ எறங்குது. கெட்டி மரத்த செதுக்கிகிறாங்க."

"அப்போ எந்த ஊரு?"

"ஜெர்மனிதாங்க. எங்க பேண்டு மாஸ்டர்கிட்ட இதே ஜாடையில ஒண்ணு இருந்திச்சி, பத்து வருசம் நான்தான் வாசிச்சிகினு இருந்தேன். கழுத்துல மூணு பட்டையா மரம் ஒட்டிகிது பாருங்க, அதுலயும் இப்டியேதான். யுத்தத்துக்கு அப்பறம் வயலின் செய்றவங்க செஞ்சதுன்னு மாஸ்டர் சொல்வாரு. பேரு போடாம அனுப்புவாங்களாம், கடைக்காரன் அவன் பேர ஒட்டிக்குவானாம்."

"செஞ்சவன் பேரு?"

"அது யாருக்குங்க தெரியும்?"

இவ்வளவு அலைந்ததற்கு இதுதானா என்று எரிச்சலாக வந்தது. அவர் சுருதி சேர்த்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். தனித்தனி ஸ்வரமாக இல்லை. நாலு தந்திகளைச் சேர்த்து, தாளத்தின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு தட்டு. இடதுகையில் ஒரு விரல் மட்டும் நகரும், மொத்த ஒலியும் நிறம் மாறிவிடும். அந்த ஒற்றை விரல் நகர்வுகளைத் தொடர்ந்து கேட்டால் உள்ளே ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எரிச்சல் எப்போது போயிற்று என்று தெரியவில்லை.

அவரிடம் சொந்தமாகக் கிதார் இல்லை. மாஸ்டருடையது போன பிறகு பேண்டின் ஓட்டைக் கிதார்தான். கிறிஸ்துமஸ் நடனத்துக்கு என்னுடையதைக் கொடுத்தேன். நான் சுவரோரம் நின்றேன். மூன்றாவது பாட்டில் பட்டென்று ஒரு தந்தி அறுந்தது. அவர் நிறுத்தினார். டிரம்பெட் நிற்கவில்லை, ஆனால் டிரம்ஸ் முந்தி ஓடியது, ஆடிக்கொண்டிருந்தவர்களின் கால்கள் ஒன்றையொன்று மிதித்தன. சிவப்பு டைக்காரர் வாசித்தபடியே திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். அறுந்த தந்தியை ஒதுக்கிவிட்டு, மீதி ஐந்தை வைத்து அவர் மறுபடி சேர்ந்துகொண்டார். இரண்டே சுற்றில் தரை சமமானது போல எல்லோரும் ஆடினார்கள். முடிவில் டிரம்பெட்டுக்குக் கைதட்டினார்கள். நான் ஒருவன்தான் அவரைப் பார்த்துத் தட்டினேன்.

"தனியா ஒரு பாட்டு வாசிக்கலாமே?" என்றேன் வெளியே வந்ததும்.

"அவங்க ஆடணும்ல சார்? அதுக்குத்தான வந்துகிறாங்க" என்று கிதாரைத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினேன். அதைக் கடக்கும்போதெல்லாம் தந்தியைச் சுண்டுவேன், கேட்கச் சகிக்காது. ஒரு மாதம் எனக்குத் தூக்கமே சரியில்லை; நடுராத்திரியிலும் எழுந்துபோய்ச் சுண்டுவேன்.

"வாசிக்கவும் தெரில, வுடவும் மனசு வரல. அவருகிட்டயே குட்த்துட்டு வாங்க. ஊட்ல எல்லாரும் தூங்கணும்" என்றாள் மனைவி.

கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் வாங்க மறுத்தார். பிறகு மடியில் வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழமைல வந்துட்டு போங்க சார்" என்றார்.

மாற்றல் வந்து ஊரைவிட்டுப் போகும்வரை ஏழெட்டு வருஷம் போனேன். அங்கே ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பேன் என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். இன்றைக்கும் எந்தப் பாட்டு ஒலித்தாலும் பாடுபவரை விட்டுவிட்டு, பின்னால் யார் என்ன வாசிக்கிறார்கள் என்றுதான் தேடுகிறேன். பிடிபடாவிட்டால் அந்த நாள் எனக்கு ஓடாது.