வராத தண்ணீருக்கு ஒரு ஷெட்யூல்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து அடியில் இருந்த ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டு எதையோ சுரண்டி எடுத்து, உள்ளங்கையில் வைத்து என் மனைவி கல்பனாவிடம் காட்டினார்.

நெல். ஒரு கைப்பிடி இருக்கும். அதுவும் முளைவிட்ட நெல்.

"என்ன மேடம், மெஷின்லயே நாத்தங்கால் போட்டிருக்கீங்க?" என்றார் மெக்கானிக்.

"கம்ப்யூட்டர் பத்தி எழுதுறவரு பேண்ட்ல இது எப்படி வந்துச்சுன்னு அவர்கிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு கல்பனா உள்ளே போய்விட்டார்.

மெக்கானிக்கிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். எப்படியும் என் அசட்டுத்தனங்களை நீங்கள்தானே வாராவாரம் படிக்கிறீர்கள்?

ஒரு மாதத்துக்கு முன் இதே பக்கத்தில், வலைப்பதிவு எழுதுகிறவர்களுக்கு உதவும் மென்பொருள்களைப் பற்றி எழுதியிருந்தேன். நினைவிருக்கிறதா? இருந்தால் தயவுசெய்து மறந்துவிடுங்கள். அதில் ஒரு ஷெட்யூலரை வானளாவப் புகழ்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு நாளுக்கும் எழுதிவைத்துவிட்டால் போதும். குறித்த நிமிஷத்தில் அதுவே வெளியிடும், அதுவே வாட்ஸ்அப்பிலும் அனுப்பும். நீங்கள் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம்.

அத்தோடு விட்டேனா? இலவச இணைப்பாக இரண்டு அறிவுரைகள் வேறு. ஒன்று — எதையும் சந்தேகத்தோடு எழுதாதீர்கள், உறுதியாக எழுதினால்தான் நான்கு பேர் படிப்பார்கள். இரண்டு — கமெண்ட் பெட்டியை மூடிவிடுங்கள், அது நேரத்தைத் தின்னும். என் வலைப்பதிவில் நான் மூடி மூன்று வருஷம் ஆகிறது, நிம்மதியாக இருக்கிறேன்.

சரி, அந்த ஷெட்யூலரை நான் பயன்படுத்திப் பார்த்தேனா? பார்த்தேன்... ஒரே ஒரு முறை. புகைப்படங்களை இலவசமாகச் சேமித்துத் தரும் ஓர் ஆப்பைப் பாராட்டி எழுதி, பத்து நாள் கழித்து வெளிவரும்படி வைத்தேன். ஒன்பதாம் நாள் அந்த ஆப்பையே மூடிவிட்டார்கள். பத்தாம் நாள் காலை என் பதிவு மட்டும் "இன்றே தரவிறக்குங்கள்" என்று கூவிக்கொண்டு வெளியே வந்தது. இதை ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்றால், சொன்னால் கட்டுரையில் கருவியின் மவுசு குறைந்துவிடும்.

அதற்கான பலன் போன வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனில் வந்தது.

"சார், ஹமீதா பேசுறேன். நாகப்பட்டினத்துல ஒரு கல்யாணத்துல இருக்கேன்."

ஹமீதா இந்தப் பத்தியின் பழைய வாசகி. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் உரக்கடை நடத்துகிறார். கணவர் வளைகுடாவில். ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று அவர் தினமும் போனில் கேட்கப்போய், அவருக்காக ஹமீதா ஆரம்பித்ததுதான் 'இன்றைய வாய்க்கால்' என்கிற வலைப்பதிவு. காலையில் கடை திறப்பதற்கு முன் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பாலத்துக்குப் போவார். தண்ணீரைப் பார்ப்பார், ஒரு படம் எடுப்பார், நான்கு வரி எழுதுவார். அவ்வளவுதான். வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்களும், நிலம் இங்கே, பிழைப்பு வேறு ஊரில் என்று இருக்கிறவர்களும் அதைப் படித்துவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பார்கள்.

"சொல்லுங்கம்மா" என்றேன்.

"நீங்க எழுதுன டூல்ல நாலு நாளைக்கு போஸ்ட் எழுதி வச்சிட்டுத்தான் சார் கல்யாணத்துக்கு வந்தேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ரொம்ப சந்தோஷம். ஒழுங்கா போச்சா?"

"போஸ்ட் போயிடுச்சு சார். தண்ணிதான் வரல."

அவர் ஊர் கடைமடை, ஆற்றுப் பாசனத்தின் கடைசி ஊர். ஆற்றுத் தண்ணீரை அங்கே முறை வைத்துத்தான் விடுவார்கள். முறைப்படி புதன்கிழமை வரவேண்டும். எத்தனையோ முறை அப்படியே வந்தும் இருக்கிறது. அந்த நம்பிக்கையில், 'இன்று காலை வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. முழங்கால் அளவு ஓடுகிறது. விதை ஊறவைப்பவர்கள் ஊறவைக்கலாம்' என்று திங்கட்கிழமையே எழுதி, போன முறை எடுத்த படத்தையும் சேர்த்து, புதன் காலை எட்டு மணிக்கு வைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேலே எங்கோ கரை உடைந்து மதகை அடைத்துவிட்டார்கள். ஷெட்யூலருக்கு அது எப்படித் தெரியும்? சொன்ன வேலையைச் சொன்ன நிமிஷத்தில் செய்துவிட்டது.

"'தண்ணி வரும்னு நினைக்கிறேன்'னுதான் சார் முதல்ல எழுதினேன். உறுதியா எழுதணும்னு நீங்க போட்டிருந்தீங்களா... மாத்திட்டேன்."

போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஒரத்தநாட்டுல செல்வராஜ் அண்ணன்னு ஒருத்தர், தையல்கடை வச்சிருக்காரு. எங்க ஊர்ல அவருக்கு மூணு ஏக்கர். போஸ்டைப் பார்த்துட்டு புதன்கிழமையே மொத்த விதையையும் ஊறப்போட்டுட்டாரு. சேறடிக்கச் சொல்லலாம்னு நேத்து சாயங்காலம் டிராக்டர்காரருக்கு போன் பண்ணப்பதான் தெரிஞ்சிருக்கு. அந்த ரகம் இனி விதை டெப்போவுல கிடைக்காது சார். தீர்ந்துபோச்சு."

நெல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தட்டில் விழுந்த பிறகுதான். ஆனாலும் தஞ்சாவூர்க்காரனுக்கு இதுகூடத் தெரியாமல் இருக்காது. விதையை ஒரு நாள் ஊறவைத்து, ஒரு நாள் சாக்கில் கட்டி வைத்தால் முளைவிடும். மூன்றாம் நாள் அது சேற்றில் விழுந்தாக வேண்டும். மிஞ்சினால் இன்னும் ஒரு நாள் தாங்கும். அதற்குமேல் வேர் பின்னிக்கொண்டு, சூடேறி, மூட்டையோடு வீண்.

இதற்கு நான் சொன்ன தீர்வு என்ன தெரியுமா? "முதல்ல அந்த போஸ்டை டெலீட் பண்ணுங்கம்மா."

அந்தப் பக்கம் நாதஸ்வரமோ பேண்டோ, ஏதோ கேட்டது. பிறகு ஹமீதா நிதானமாகச் சொன்னார். "டெலீட் பண்ணிடலாம் சார். மூட்டைக்குள்ள முளைச்சிருக்கே, அதை என்ன சார் பண்றது?"

எனக்கு எத்தனையோ ஷார்ட்கட் கீ தெரியும். முளைத்த நெல்லை அன்டூ செய்ய ஒன்றும் கிடையாது. வெட்கமாக இருந்தது.

"நான் அழிக்கல சார். தப்பா எழுதினது எல்லார் கண்ணுலயும் படட்டும். கீழே கமெண்ட்ல நடந்ததை எழுதி, போர்வெல் தண்ணி இருக்கிறவங்க யாராச்சும் உதவ முடியுமான்னு கேட்டிருக்கேன். நான் இங்கேருந்து கிளம்ப மதியம் ஆயிடும். உங்களுக்கு ஒரத்தநாடு கிட்டத்தானே? அவரை ஒரு எட்டு பார்த்துட்டு வர முடியுமா?"

கிளம்பினேன். ஸ்கூட்டரில் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு! முளைவிட்ட விதைக்கும் லேப்டாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கையை வீசிக்கொண்டு போக எனக்குப் பழக்கம் இல்லை.

செல்வராஜ் கடையைத் திறக்கவில்லை. வீட்டு வராந்தாவில் சாக்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கியது. என் பெயரைச் சொன்னேன்.

"டூல் பத்தி எழுதுற சாரா?" என்றார். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "உட்காருங்க சார். டீ சாப்பிடுறீங்களா?"

மூட்டையின் வாயைப் பிரித்து, "கையை விட்டுப் பாருங்க" என்றார். விட்டேன். உள்ளே காய்ச்சல் உடம்பு போலச் சுட்டது. ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் வெள்ளையாக ஒரு பொட்டு முளை.

"நல்ல விதை சார். ஒண்ணுகூடப் பொய்க்கல. அதான் வருத்தமா இருக்கு."

லேப்டாப்பைத் திறந்தேன். என் வலைப்பதிவில் அவசர வேண்டுகோள் ஒன்று போட்டேன். 'ஒரத்தநாடு, மன்னார்குடி பகுதியில் போர் தண்ணீரும் நாற்றங்கால் இடமும் இருக்கிறவர்கள் உடனே அழையுங்கள்.' அங்கேதான் கமெண்ட் பெட்டி கிடையாதே... அதையே என்னுடைய வாட்ஸ்அப் வாசகர் குழுவிலும் போட்டேன். பத்தே நிமிஷத்தில் பதில்கள் குவிந்தன. 'சூப்பர் சார்.' 'பயனுள்ள தகவல், நன்றி.' ஒருவர் கூப்பிய கைகளாக ஆறு அனுப்பியிருந்தார். இன்னொருவர் கேட்டார்: 'இந்த டூல் ஐபோனில் வேலை செய்யுமா?'

இத்தனை வருஷமாக நான் சேர்த்துவைத்த வாசகர் வட்டம் இதுதான். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நான் எதை எழுதினாலும் அது ஒரு டூலாகத்தான் இருக்கும் என்று பழக்கிவைத்தது யார்?

அப்போது செல்வராஜின் போன் அடித்தது. ஹமீதா. "அண்ணே, கமெண்ட்டைப் பாருங்கண்ணே."

இரண்டு பேரும் அந்தச் சின்னத் திரையில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். புதன்கிழமைப் பதிவின் அடியில் முதல் கமெண்ட்டே, பதிவு வந்த அன்றே காலை ஒன்பது மணிக்குப் போட்டது. வளைகுடாவில் டிரைவராக இருக்கும் நஜீம் என்பவர் எழுதியது. 'தங்கச்சி, மேலே இருக்குற எங்க ஊருக்கே இன்னும் தண்ணி வரலன்னு வீட்ல சொல்றாங்க. உங்களுக்கு எப்படி வந்துச்சு?'

நியாயமான கேள்விதான். புதன்கிழமை காலையிலிருந்து அங்கேயே கிடந்திருக்கிறது. ஹமீதா கல்யாண வேலையில் பார்க்கவில்லை. செல்வராஜுக்கு வாட்ஸ்அப்பில் பதிவு மட்டும்தான் வந்தது. கமெண்ட்டை அனுப்புகிற வழக்கம் என் அருமைக் கருவிக்கு இல்லை.

அதே நஜீம் வெள்ளிக்கிழமை காலை, ஹமீதாவின் வேண்டுகோளுக்குக் கீழே எழுதியிருந்தார். 'எங்க வயல்ல போர் இருக்கு. நாத்தங்கால் சேறடிச்சு ரெடியா கிடக்கு. வீட்ல சொல்லிட்டேன். விதையை எடுத்துட்டு வரச் சொல்லுங்க.' கூடவே ஊர்ப் பெயர், மனைவியின் போன் நம்பர்.

நான் சொன்னபடி கமெண்ட்டை மூடியிருந்தால் இந்த இரண்டு வரியும் வந்திருக்காது. நான் சொன்னபடி பதிவை அழித்திருந்தாலும் இவை சேர்ந்தே போயிருக்கும். அன்று அந்த விதை பிழைத்ததற்குக் காரணம், ஹமீதா என் பேச்சை இரண்டு இடத்தில் கேட்காமல் விட்டதுதான்.

செல்வராஜின் டிவிஎஸ்ஸில் ஒரு மூட்டை. என் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஒரு மூட்டை. லேப்டாப் அவர் வீட்டிலேயே இருந்தது. மன்னார்குடி சாலையில் காலை அகட்டி வைத்துக்கொண்டு நான் ஓட்டிய லட்சணத்தைப் பார்த்து, பின்னால் வந்த டவுன் பஸ்காரர் ஹாரன் அடிக்கக்கூட மறந்துவிட்டார்.

நஜீமின் மனைவி சபீனா வயல் வரப்பில் காத்திருந்தார். நாற்றங்காலின் குறுக்கே கயிறு கட்டிப் பாதியைப் பிரித்து வைத்திருந்தார்.

"இந்தப் பக்கம் உங்களுது அண்ணே. நாத்து வளந்ததும் பறிச்சு எடுத்துட்டுப் போங்க. அதுக்குள்ள உங்க வாய்க்கால்ல தண்ணி வந்துடும்" என்றார் செல்வராஜிடம்.

செல்வராஜ் தலையை ஆட்டினார். கழுத்து டேப்பின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

நானும் இறங்கினேன். பாவத்தைக் கழுவ வேண்டாமா? கூடை இரண்டுதான் இருந்தது. அதனால் பேண்ட் பாக்கெட் இரண்டிலும் விதையை அள்ளிப் போட்டுக்கொண்டேன். நான்கு வீச்சு வீசியிருப்பேன்.

"சார், கோழிக்குப் போடுற மாதிரி ஒரே இடத்துல போடுறீங்க" என்றார் சபீனா. "நீங்க வரப்புலயே நில்லுங்களேன்."

நின்றேன். பாக்கெட்டில் மிச்சம் இருந்ததை மறந்தே போனேன். அதைத்தான் மெக்கானிக் கண்டுபிடித்தார்.

நேரம் மிச்சம், நேரம் மிச்சம் என்று எத்தனை வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்? மிச்சமான நேரத்தில் நான் செய்ததெல்லாம் நேரத்தை மிச்சப்படுத்தும் அடுத்த மென்பொருளைத் தேடியதுதான். ஹமீதாவின் நான்கு வரிக்கு இருந்த மரியாதை, அவர் பாலத்தில் நின்று கண்ணால் பார்த்துவிட்டு எழுதியதால் வந்தது. நான் மிச்சப்படுத்திக் கொடுத்தது அந்தப் பத்து நிமிஷத்தை.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக என் வலைப்பதிவில் கமெண்ட் பெட்டியைத் திறந்தேன். நாலைந்து நாள் ஈ காக்கை வரவில்லை. நேற்று இரண்டு கமெண்ட் வந்திருந்தன.

ஒன்று ஹமீதாவுடையது. 'சார், தண்ணீர் வந்துவிட்டது. பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.' படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். மனசு லேசானது.

மற்றொன்று யாரோ எண்ணெய் விற்கிறவர்கள் போட்டது. 'வழுக்கையில் நாற்பதே நாளில் முடி வளர...' அதையும் அழிக்கவில்லை. பக்கத்தின் மேலேயே என் போட்டோ இருக்கிறதே — அவர்களாவது பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்கள்.