தீயணைப்பு அலைவரிசையில் கேட்ட சாவு

பொலிஸார் தங்கள் வானொலிப் பேச்சை வெளியார் கேட்க முடியாதபடி பூட்டிய பிறகும், பிறரின் வானொலிப் பேச்சைப் பிடித்துத் தரும் என் ஸ்கேனரில் கேட்பதற்கு நிறைய இருந்தது. விமானிகள், ரயில் ஓட்டுநர்கள், தீயணைப்புப் படையினர் என்று ஓய்வு நாளெல்லாம் ஸ்காபரோ வீட்டில் தேநீரோடு இருந்து ரசித்துக் கேட்பேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் எங்கள் பக்கத்து மல்வேர்னில் ஒரு மாடிக் குடியிருப்பில் தீப்பிடித்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு முதியவர், மூச்சில்லை என்று ஒரு வீரர் சொன்னது தெளிவாகக் கேட்டது. செய்தியை முதலில் சொல்லும் ஆசையில், கட்டிட முகவரியோடு ஒருவர் இறந்துவிட்டதாக வேலைத்தள நண்பர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

உடனே அந்தக் குழுவில் இருந்த யோகன் அழைத்தான்.

“அண்ணை, உது எங்கட பில்டிங். நான் வேலையில நிக்கிறன். அப்பா தனிய இருக்கிறார், ஃபோன் எடுக்கிறாரில்லை. எத்தினையாம் மாடியாம்?”

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. “ஒன்பது” என்றேன்.

இயந்திரங்களின் இரைச்சலுக்கிடையே, “அது எங்கட மாடி” என்றான். பிறகு, “சரி அண்ணை” என்று வைத்துவிட்டான்.

செத்தவீட்டில் என் கையைப் பிடித்து, “நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை” என்றான். அது எனக்கு ஆறுதலாக இல்லை. தகப்பன் இறந்ததை அருகில் நின்று, தோளைப் பிடித்துச் சொல்ல அவனுக்கு ஒருவர் இருந்திருக்கலாம். அதை நான் இல்லாமல் செய்துவிட்டேன்.