கிழக்குச் சுவரில் ஒரு நீலச் சதுரம்

நொர்வேயில், எல்லிங்ஸ்ருட்டில், ஜனவரி வெளிச்சம் காலை ஒன்பதரைக்கு அரைமனதோடு வரும், மூன்றரைக்குச் சொல்லாமல் போய்விடும். அந்த இடைவெளிக்குள்தான் எங்கள் வீட்டை அளக்க ஒருவர் வந்தார்.

வீடு விற்பதென்றால் அது எவ்வளவு சூட்டைத் தின்கிறது என்று ஏ முதல் ஜி வரை ஓர் எழுத்து வாங்க வேண்டும். நல்ல எழுத்தென்றால் கெதியாய் விலைப்படும். எங்களுக்கு அந்த வேகம் தேவைப்பட்டது. மனைவியின் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன, படுக்கையறைகள் மேல்மாடியில். ஸ்ட்ரோம்மனில் லிஃப்ட் உள்ள ஒரு வீடு பார்த்திருந்தோம். இது விற்றால்தான் அது.

வந்தவர் முன்கூட்டியே அனுப்பிய படிவத்தில், சுவர்களெல்லாம் குளிர் தடுக்கப் பஞ்சடைத்தவை என்று நிரப்பியிருந்தேன். வேலை முடிந்து வந்த களைப்பில் எல்லாவற்றுக்கும் ஆம் போட்டேன்.

வெப்பம் காட்டும் கமராவை மகளின் பழைய அறைக்குள் நீட்டினார். திரையில் சுவரெல்லாம் செம்மஞ்சள். கிழக்கில் மட்டும், தலையணை உயரத்தில், குளிர் நுழையும் ஒரு நீலச் சதுரம்.

"இதற்குள் என்ன இருக்கிறது?" என்று நொர்வேஜிய மொழியில் கேட்டார்.

எனக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு முன் அந்தச் சுவரை நாங்களே பிரித்து அடைத்தோம். நான்கு சிநேகிதர்கள், ஒரு சட்டி ஆட்டிறைச்சிக் கறி. ஞாயிறு மத்தியானம் பஞ்சு முடிந்தது. இந்த நாட்டில் ஞாயிறன்று எந்தக் கடை திறந்திருக்கும்? திங்கள் எல்லோருக்கும் வேலை. மிஞ்சிய இடத்தில் வெறும் பாசுமதி அரிசிப் பைகளைத் திணித்துப் பலகை அடித்தோம். "ஆர் மச்சான் பாக்கப் போயினம்?" என்றான் ஒருவன். நான்தான் கடைசி ஆணி அடித்தேன்.

"அரிசிப் பைகள்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இப்படியே பதிந்தால் எழுத்து ஒன்று இறங்கும். அல்லது திறந்து சரிசெய்துவிட்டு அடுத்த மாதம் கூப்பிடுங்கள்."

படியடியில் நின்ற மனைவிக்குச் சொன்னேன்.

"இறங்கினா இறங்கட்டும். என்னால இந்தப் படி ஏறேலாது. பதியச் சொல்லுங்கோ."

அலுமாரி ஒதுக்க வந்திருந்த மகள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஹெர்ரகூட், கடவுளே, அப்பா! அரிசிப் பையிலயோ நான் பதினொரு வருசம் தலை வைச்சுப் படுத்தனான்? குளிருது எண்டு கட்டிலைத் திருப்பிப் போட்டனான். வடக்க தலை வைக்கக் கூடாதெண்டு நீங்கள் ரெண்டு பேரும் திரும்ப இழுத்து வைச்சனீங்கள். சொக்ஸைப் போடு எண்டு வேற!"

அவள் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். கீழே எல்லாம் கேட்டிருந்தது.

படியடியிலிருந்து மனைவி கூப்பிட்டாள்: "இஞ்சேருங்கோ. சுவரைத் திறவுங்கோ."

"ஒரு மாசம் இழுக்குமப்பா. உம்மட கால்?" என்றேன்.

"வாறவையும் கிழக்க தலை வைச்சுப் படுக்கப் பிள்ளையள் வைச்சிருப்பினம். நான் கீழ சோபாவில படுக்கிறன்."

வாங்குகிறவர்கள் எந்தத் திசையில் தலை வைப்பார்களோ.

பதிய வேண்டாம், சுவரைத் திறக்கிறோம் என்று வந்தவரிடம் சொன்னேன். கமராவை மடித்தபடி, "எழுத்துக்காகவா?" என்றார் அவர்.

"இல்லை" என்றேன். அதற்கு மேல் விளக்க அலுப்பாயிருந்தது.

மனைவியின் தலையணையையும் போர்வையையும் அணைத்துக்கொண்டு படி இறங்கினேன். ஸ்ட்ரோம்மன் வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை. அவர் ஒரு மாதம் பொறுப்பாரோ தெரியாது.