மாமியின் வாயில் வராத புழுவின் பெயர்

கல்லூரிப் படிப்பை முடித்து நான் லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பிய ஆண்டில்தான் அக்காவின் வலிப்புக்குக் காரணம் தெரிந்தது. மாத்திரைகளைக் கூட்டியும் மாற்றியும் பார்த்தாயிற்று, வலிப்பு நிற்கவில்லை. பன்றி நாடாப்புழுவின் முட்டையிலிருந்து வந்த இளம்புழு மூளைக்குள் வளர்ந்து, செத்து, தழும்பாகியிருக்கிறது. தழும்பை வெட்டியெடுத்தால் வலிப்பு நிற்க வாய்ப்புண்டு என்று ஸ்கேனைப் பார்த்த சென்னை மருத்துவர் சொன்னார்.

மச்சான் துபாயில் இருந்ததால், முடிவு அவருடைய தாயாரின் கையில் இருந்தது. மாமி அக்காவை அடுப்படியில் தனியே விடமாட்டார், குளியலறையைத் தாழிடவும் விடமாட்டார். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, அது அடங்கும்வரை அருகிலிருந்து குர்ஆன் ஓதுவார். அவரே அறுவைக்கு மறுத்துவிட்டார்.

“அந்தச் சனியனோட புழுவா? எங்க வூட்டுப் புள்ள தலையிலயா? அதைத் தின்ன வூடுன்னு ஊரு பேசாதா?”

“தின்னு வரல மாமி. வயித்துல புழு இருக்கிற ஆளு வெளிக்குப் போனா, அதுலேர்ந்து முட்டை தண்ணியிலயும் கீரையிலயும் ஏறிடும். கறியே தொடாதவங்களுக்கும் வரும்.”

மாமி யோசித்தார். “அப்ப கீரைப் புழுன்னு சொல்லிக்கிறேன். ஆபரேஷன் பண்ணிக்கட்டும்.”

நான் தடுத்தேன். தெருவில் கீரை விற்கும் பெண்ணின் பிழைப்பு அந்த ஒரு சொல்லால் கெட்டுவிடும். உண்மையைச் சொன்னால்தான் ஊர் கற்றுக்கொள்ளும் என்றேன். கட்டிலில் கிடந்த அக்கா சிரித்தாள்.

“தம்பி, நீ ஊரைத் திருத்துறதுக்குள்ள நான் அடுப்புல வுழுந்துருவேன். பேரு எதா இருந்தா என்னடா?”

அது நியாயம்தான். ஆனாலும் பேரம் பேசினேன்: தண்ணீர்ப் புழு என்று சொன்னால் யாருடைய வியாபாரமும் கெடாது, நாலு வீட்டிலாவது தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பார்கள்.

“சரி, தண்ணிப் புழு. குழாய்க்காரன் சண்டைக்கு வந்தா நீயே போய்ப் பேசு” என்றார் மாமி.

அன்றே துபாய்க்குப் பேசினோம். அரியலூரில் சென்னை ரயிலேறியபோது, மாமியும் பெட்டியோடு வந்து அமர்ந்திருந்தார்.

அறுவைக்குப் பின் சில வாரங்கள் அக்காவுக்குச் சொற்கள் தடுமாறின. மெல்லத் திரும்பி வந்தன. மாத்திரை தொடர்ந்தது, வலிப்பு வரவில்லை. பல மாதங்கள் பார்த்த பிறகு, குளியலறையைத் தாழிட்டுக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். மறுநாள் அக்கா தாழிட்டாள். மாமி வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

“இருக்கியாடி?”

“இருக்கேன் மாமி. கொஞ்சம் குளிக்க வுடுங்க.”