கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில்

ஒரு பேயைக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து நசுக்கிய ஒரே மனுஷி இந்த உலகத்தில் நான்தான். அதுவும் ஆயுதம் எதுவும் இல்லாமல், என் இடுப்பாலேயே.

சிரியுங்கள். சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். ரயில் நிலையத்தில் ஒரு ஆயுசு முழுக்க அறிவிப்பு வாசித்தவள் நான். கிளம்பவே கிளம்பாத வண்டியைக்கூட ‘இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்’ என்று தேன் ஒழுகச் சொன்ன வாய் இது. கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது நடந்தது. ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில்.

ஓய்வு பெற்றவர்கள் டி.வி. பார்ப்பார்கள். நான் டூலா வேலை படித்தேன். டூலா என்றால் பிரசவத்துக்குத் துணை. மருந்தைத் தொடக் கூடாது, பிள்ளையைப் பிடிக்கக் கூடாது. வலி எடுத்தவளின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இடுப்பை அழுத்திவிட வேண்டும், ‘மூச்சை விடும்மா’ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பயிற்சி முடிந்த கையோடு, வெளிநாட்டில் ஒரு சின்னப் பிரசவ விடுதிக்குச் சம்பளம் இல்லாத சேவைக்குக் கிளம்பிவிட்டேன். திரும்பி வரும்போது நூறு பிள்ளைகளாவது என்னைப் பெரியம்மா என்று கூப்பிடும் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் வேறு அடித்தாகிவிட்டது.

போன இடத்தில் என் கையில் கொடுத்தது துண்டு. மடிப்பதற்கு.

விடுதியில் மூன்று அறைகள். முதல் இரண்டுக்கு உள்ளூர்த் துணைகள் இருந்தார்கள். எனக்குக் கடைசி அறை. அந்த அறைக்கு வந்த முதல் பெண் என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டி ஏதோ சொன்னாள். அந்த ஊர் பாஷை எனக்குத் தெரியாது. பெரிய நர்ஸ்தான் இங்கிலீஷில் சொன்னாள். நம் பேச்சில் எழுதுகிறேன்.

“துணைக்கு ஏற்கெனவே ஆள் இருக்காம். ஒருத்தருக்கு ஒரு துணைதான். நீங்க போய்த் துண்டு மடிங்க.”

சொல்லும்போதே கையைத் தூக்கி நிறுத்துவாள். நான் அவளுக்குச் சிவப்பு சிக்னல் என்று பெயர் வைத்தேன்.

ஆளா? அறையில் யாருமே இல்லை. பாத்ரூம் போயிருப்பாள் என்று நினைத்து, வாசலிலேயே உட்கார்ந்து மடித்தேன். பிள்ளை பிறந்தது. அந்தத் துணை உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

இரண்டாவதாக வந்தவளும் அதையே சொன்னாள். மூன்றாமவளும். என் வேலையை எவளோ ஒருத்தி எனக்கு முன்னாலேயே வந்து தட்டிப் பறிக்கிறாள்! யார் அது என்று சிக்னலைக் கேட்டால், பிள்ளையின் தலையைப் பார்க்கவே தனக்கு நேரம் போதவில்லை, அக்கம்பக்கம் எங்கே பார்ப்பது என்கிறாள். நான் மடித்த துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்கு ஏறிப் போய் அங்கே ஒரு பிரசவமாவது பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அவர் ஓய்வு பெற்ற ஆடிட்டர். ரசீது இல்லாமல் கடவுளையே நம்பாத ஆள்.

“ஆளும் இல்லை, பேயும் இல்லை. உன் தொண்டைக்குப் பயந்து அந்தப் பொண்ணுங்க சாக்குச் சொல்றாங்க” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து வேவு பார்க்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் கதவில் காதை வைத்தேன். உள்ளே ஒருத்தி வலியில் கத்துகிறாள். அவள் கத்தலுக்கு நடுவே... இன்னொரு மூச்சு. நிதானமாக. ஸ்ஸ்ஸ்... ஹா... ஸ்ஸ்ஸ்... ஹா... எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அதே மூச்சு. கதவைத் தள்ளினேன். மூச்சு நின்றுவிட்டது. கட்டிலில் அந்தப் பெண் மட்டும்.

அப்போதுதான் கட்டிலைப் பார்த்தேன். காலையில் நான் சுவரோடு ஒட்டிப் போட்ட கட்டில். இப்போது சுவருக்கும் அதற்கும் நடுவே இடைவெளி. ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு.

தினமும் காலையில் தள்ளினேன். தினமும் மதியத்துக்குள் அது விலகி நின்றது. சிக்னல், தான் தொடவே இல்லை என்றாள். தரை துடைக்கும் அம்மா எனக்கு வேறு வேலை இல்லையா என்பதுபோல் பார்த்தாள்.

என் கடைசி வாரமும் வந்தது. ஒரு பிரசவத்தில்கூட நான் நிற்கவில்லை.

அன்று விடாத மழை. ஒரு சின்னப் பெண் வந்தாள். சலவைக்கடையில் வேலை. புருஷன் கப்பலில். அம்மா இல்லை, அக்கா இல்லை. தலைப்பிரசவம். இவளை விட்டால் எனக்கு வேறு பிரசவம் கிடைக்காது என்று முடிவு கட்டினேன். அவள் அறைக்குள் வருவதற்கு முன்பே கட்டிலைச் சுவரோடு அழுத்தி ஒட்டினேன். நாலு சக்கரத்தையும் பூட்டினேன். மிச்சமிருந்த சந்தில் தலையணைகளைத் திணித்தேன். வாடி, இப்போது எங்கே நிற்கிறாய் பார்க்கலாம்!

அந்தப் பெண் சுவருக்கு முதுகைக் காட்டி ஒருக்களித்துப் படுத்தாள். துணை இருக்கிறது என்று சொல்லவில்லை. சிக்னல் முதன்முறையாகக் கையைத் தூக்கவில்லை. நான் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது.

ஆனால் பிள்ளை இறங்கவில்லை.

வலி முழுக்க இடுப்பில். நான் எட்டி அழுத்தினால் என் கையைத் தட்டிவிட்டாள். இன்னொரு கையால் பின்பக்கம் காட்டினாள். பின்னால் சுவர்தான்.

சிக்னல் பரிசோதித்தாள். முகம் மாறிவிட்டது.

“நகரவே இல்லை. இப்படியே போனா டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும். இந்த மழையில அவ்வளவு தூரம்... தாங்குவாளான்னு தெரியலை.”

பெண்ணின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

அப்போது கட்டில் அசைந்தது.

க்ரீச்ச்...

என் பக்கமாக. பூட்டிய சக்கரம் தரையில் தேய்ந்தது.

நான் விடுவேனா? இடுப்பைக் கொடுத்துத் தள்ளினேன். சுவரை நோக்கி. முழு பலத்தோடு.

அது திரும்பத் தள்ளியது.

நானும் தள்ளினேன்.

சுவர்ப் பக்கத்திலிருந்து...

“ஹ்ஹ்...”

நசுங்கிய ஒரு மூச்சு.

தள்ளுவதை நிறுத்தினேன். அந்தப் பெண் அழுதுகொண்டே ஏதோ சொன்னாள். சிக்னல் மொழிபெயர்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்ன சொல்றா?”

“கட்டிலை இந்தப் பக்கம் தள்ளச் சொல்றா. பின்னாடி நிக்கறவங்களுக்கு... இடம் பத்தலையாம்.”

ஒரு பக்கம் பயம். அதைவிட ஆத்திரம். இத்தனை நாள் காத்திருந்து கிடைத்த ஒரே ஒரு பிரசவம், இதையும் அவளுக்கே விட்டுக்கொடுப்பதா? அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன்.

பூட்டைத் திறந்தேன். கட்டிலை இழுத்தேன். தலையணைகள் பொத்தென்று விழுந்தன. மடிக்கத் துண்டு இருக்கிறதே என்று வாசலைப் பார்த்து நடந்தேன்.

சிக்னல் கையைத் தூக்கினாள்.

“போகாதீங்க. நீங்க முன்னாடி. அவங்க பின்னாடி.”

நான் மறுபடி அந்தப் பெண்ணின் கைகளைப் பிடித்தேன்.

அவள் மெல்லிய சட்டை... இடுப்புப் பக்கம்... உள்ளே அமுங்கியது.

இரண்டு இடத்தில்.

உள்ளங்கை அளவுக்கு.

அமுங்கியது... விட்டது... அமுங்கியது...

ஸ்ஸ்ஸ்... ஹா...

இருட்டுவதற்குள் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. என்னைவிடச் சத்தமாகக் கத்தியது.

தாயின் உடம்பைத் துடைக்கும்போது அவள் முதுகில் சிவப்பாக இரண்டு கைத்தடம் இருந்தது. என் கையை மேலே வைத்துப் பார்த்தேன். என்னுடையதைவிடப் பெரிய கை. அவள் சிரித்துக்கொண்டு எதையோ சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அழுத்துவதற்கு முன்னால் இரண்டு விரலால் முதுகில் இரண்டு தட்டு தட்டுவார்களாம், கதவைத் தட்டி வரலாமா என்று கேட்பதுபோல. சிக்னல் இதைச் சொல்லிவிட்டு, அந்த அறைக் கட்டிலை ஒட்டிப் போட வேண்டாம் என்று தனக்கு முன்னால் இருந்த நர்ஸ் சொல்லிவிட்டுப் போனதாகவும் சொன்னாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லையாம், இவளும் கேட்கவில்லையாம்.

ஊருக்கு வந்து கதையைச் சொன்னேன். பார்க்கிற ஆளிடமெல்லாம் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பேய் கொஞ்சம் வளர்ந்தது. இப்போது எட்டடி உயரம், பச்சைக் கண், முழங்கால் வரை முடி. அந்த இரண்டு தட்டலை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் போய் யார் பயப்படுவார்கள்? உங்களிடம்தான் முதல் தடவை.

வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் ரசீது எங்கே என்று கேட்டுச் சிரித்தார்.

போன மாதம் அவருக்குச் சிறுநீரகத்தில் கல். விடியற்காலையில் துடித்துப் போனார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். எங்கள் கட்டில் கல்யாணமான நாளிலிருந்து சுவரோடு ஒட்டித்தான் கிடக்கிறது. அவர் சுவருக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவர் முனகல் அடங்கியது.

“இப்பப் பரவாயில்லை. அப்படியே அமுக்கு” என்றார்.

“என் கை இங்க இருக்குங்க.”

கண்ணைத் திறந்து பார்த்தார். என் இரண்டு கைகளும் அவர் கைக்குள்.

“அப்போ... ரெண்டு தட்டு தட்டிட்டு அமுக்கறது?”

நான் சுவரைப் பார்த்தேன்.

ஸ்ஸ்ஸ்... ஹா...

“இப்பவாவது நம்பறீங்களா?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“நம்பறேன். நீ சொன்னது நடந்ததுதான்.” அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. “முதல்ல கட்டிலைத் தள்ளு. பாவம், அந்தம்மாவுக்கு இடம் பத்தலை.”